பர்மாவிலிருந்து போன பொருளின் தடம் பிடிப்பது எப்படி? அருங்காட்சியக, நூலகத் தொகுப்புகளைத் துருவ ஒரு முழுமையான வழிகாட்டி

பர்மாவின் பழைய தலைநகரான பாகனின் மதிலுக்குள் நாத்லவுங் சௌங் என்ற விஷ்ணு கோவில் இன்றும் நிற்கிறது. பழைய மூலவர் அங்கே இல்லை. கருடன்மேல் அமர்ந்த அந்தச் சிலையை 1890களில் ஒரு ஜெர்மானியர் எடுத்துப் போனார், அது பெர்லின் சேர்ந்தது என்று பாகனைப் பற்றிய நூல்கள் சொல்கின்றன. ரங்கூனிலும் மௌல்மேனிலும் உள்ள தமிழர் கோவில் கமிட்டிகளில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஆனால் "நூல்கள் சொல்கின்றன" என்பது ஆதாரம் ஆகாது. எந்த ஆண்டு, யார் கையால், எந்தக் கப்பலில், என்ன விலைக்கு, எந்தப் பதிவேட்டு எண்ணில் என்ற கேள்விகளுக்குத் தாளில் விடை கிடைத்தால்தான் அது ஆய்வு. அந்தத் தாள்களை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் நிறுத்துங்கள். ஒரு பொருளுக்கு இரண்டு தேதிகள் உண்டு: இடத்தை விட்டுப் போன தேதி, தொகுப்பில் பதிவான தேதி. அருங்காட்சியகப் பலகை இரண்டாவதை மட்டுமே சொல்லும். நாம் தேடுவது முதலாவதையும், இரண்டுக்கும் இடையே உள்ள ஆண்டுகளையும். பெரும்பாலான பொய்களும் மௌனங்களும் அந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கின்றன.

கேள்வியைச் சுருக்குங்கள்

"பர்மாவிலிருந்து கொள்ளை போன எல்லாம்" என்று தொடங்கினால் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுவீர்கள். ஒரு பொருள், ஒரு கோவில், அல்லது சேகரித்த ஒரு ஆள். மூன்றில் ஒன்றை எடுங்கள். புதியவர்களுக்கு ஒரு கோவிலை எடுப்பதே நல்லது. கல்வெட்டு, தொல்லியல் அறிக்கை, பழைய படம் மூன்றும் ஒரே ஊர்ப் பெயரில் சிக்கும்.

ஒரு நோட்டிலோ எக்செல் தாளிலோ ஆறு கட்டங்கள் போடுங்கள்: தேதி, யாரிடம் இருந்தது, எங்கே, எப்படிக் கைமாறியது, ஆதாரம், உறுதியின் அளவு. கடைசிக் கட்டத்தில் நான்கே சொற்களைப் பயன்படுத்துங்கள்: உறுதி, பெரும்பாலும், வாய்ப்புண்டு, ஆதாரமில்லை. வெற்றுக் கட்டத்தை வெற்றாகவே விடுங்கள். அதை ஊகத்தால் நிரப்பி, பிறகு அந்த ஊகத்தையே மேற்கோள் காட்டுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு.

பொருளின் முதுகைப் பாருங்கள்

முன்பக்கம் அழகு, பின்பக்கம் வரலாறு. இணையத்தில் இருப்பது பெரும்பாலும் முன்பக்கப் படம்தான். பின்புறம், அடிப்பீடம், உட்குழிவு ஆகியவற்றின் படங்களைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய ஒட்டுச்சீட்டு, வண்ணத்தில் எழுதிய எண், சுண்ணக்கட்டிக் குறி, ஏலக்கடையின் ஸ்டென்சில் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

வெட்டும் உடைப்பும் பேசும். பாகனில் வெட்சி-இன் குப்யௌக்ஜீ கோவில் சுவரோவியங்களில் நேர்கோட்டில் சதுரம் சதுரமாக வெற்றிடங்கள் தெரியும். 1899இல் தியோடர் தோமான் என்ற ஜெர்மானியர் ஆட்களோடு வந்து வெட்டி எடுத்த இடங்கள் அவை. அவர் பாகனில் எடுத்த ஓவியங்கள் ஹாம்பர்க் அருங்காட்சியகத்துக்குப் போயின. தானாக உதிர்ந்த சுண்ணச்சாந்து இப்படி நேர்விளிம்போடு உதிராது. சுவரில் உள்ள வெற்றிடத்தின் நீள அகலமும் தொகுப்பிலுள்ள துண்டின் அளவும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது, பத்துக் கடிதங்களைவிட வலுவான சான்று. அளவெடுக்கும்போது விளிம்பைச் சரிசெய்து சட்டமிட்டிருப்பார்களா என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வெண்கலத்தில் மேற்பூச்சைக் கவனியுங்கள். தொடர்ந்து அபிஷேகம் கண்ட திருமேனியில் மூக்கும் விரலும் மழுங்கி, எண்ணெய்க் கருமை படிந்திருக்கும். பச்சைக் களிம்பு கனமாகப் படிந்திருந்தால் நெடுநாள் மண்ணுக்குள் இருந்தது என்று பொருள். "மூன்று தலைமுறையாகப் பூஜையறையில் வைத்திருந்தோம்" என்ற விற்பனைக் கதையோடு பச்சைக் களிம்பும் மண்ணும் ஒட்டியிருந்தால் கதையைச் சந்தேகியுங்கள்.

ஓலைச்சுவடிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். நூலகங்களில் ஆயிரக்கணக்கில் கிடந்தும் யாரும் மூலம் தேடாத பொருள் இதுதான். பர்மியச் சுவடியில் இரண்டு துளைகள், விளிம்பில் தங்கப்பூச்சும் நடுவில் சிவப்புப் பட்டையும் இருக்கும். ஏட்டெண் எண்ணாக இராது, எழுத்தாக இருக்கும். ஒரு மெய்யெழுத்து பன்னிரண்டு உயிர்க்குறிகளோடு வரிசையாக வரும், பன்னிரண்டு ஏடுகள் ஒரு அங்கம். பட்டியலில் சொன்ன ஏடுகளின் எண்ணிக்கையையும் இந்த வரிசையையும் ஒப்பிட்டால், நடுவில் எத்தனை ஏடுகள் பிரித்து விற்கப்பட்டன என்று தெரிந்துவிடும்.

சுவடியைச் சுற்றிக் கட்டும் நெய்த நாடாவுக்குச் சாசிஜோ என்று பெயர். கொடையளித்தவரின் பெயர், ஊர், ஆண்டு, வேண்டிய புண்ணியம் எல்லாம் அந்த நாடாவிலேயே எழுத்தாக நெய்யப்பட்டிருக்கும். சுவடிக்கு உரிமைப் பத்திரம் மாதிரி அது. வியாபாரிகள் நாடாவைக் கழற்றித் தனி நெசவுப் பொருளாக விற்றுவிட்டார்கள். எனவே சுவடித் தொகுப்பில் தேடும்போது, அதே அருங்காட்சியகத்தின் நெசவுத் தொகுப்பிலும் தேடுங்கள். இந்த நாடாக்கள் பிரிந்தது, நாடு இழந்த பெரிய இழப்புகளில் ஒன்று.

தேதிகளையும் எடைகளையும் மாற்றுவது

பர்மிய ஆண்டோடு 638 கூட்டினால் பொது ஆண்டு. பர்மிய ஆண்டு 1247 என்றால் 1885. சனவரி முதல் ஏப்ரல் நடு வரையான தேதியானால் 639 கூட்டுங்கள். பர்மியப் புத்தாண்டான தின்ஜானில்தான் ஆண்டு மாறும். சக ஆண்டு என்றால் 78, கொல்லம் ஆண்டு என்றால் 825 கூட்டுங்கள். செட்டியார் பேரேடுகளிலும் கோவில் ஐந்தொகைகளிலும் அறுபதாண்டுச் சுற்றுப் பெயரே இருக்கும். பார்த்திப 1885-86, விஷு 1941-42, சித்திரபானு 1942-43. "விஷு வருஷம் மார்கழி" என்று ஒரு கணக்கு பாதியில் நின்றால் அது ரங்கூனில் குண்டு விழுந்த 1941 டிசம்பர்.

எடை: 1 விஸ் சுமார் 1.63 கிலோ, அதில் நூறில் ஒரு பங்கான கியாட் சுமார் 16.3 கிராம், 1 தோலா சுமார் 11.66 கிராம், 1 சவரன் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கோவில் கணக்கில் "வெள்ளிக் குடம் விஸ் 2" என்று இருந்தால், தொகுப்பில் 3,260 கிராம் அருகே உள்ள குடங்களைத்தான் பார்க்க வேண்டும். கைப்பிடி கழன்றிருக்கலாம், எனவே கீழ்ப்பக்கம் கொஞ்சம் தளர்வு கொடுங்கள்.

பதிவெண்ணைப் பிரித்துப் படியுங்கள்

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பழைய எண்கள் வரிசை எண்ணும் ஆண்டும் சேர்ந்தவை. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்டு, மாதம், நாள், வரிசை என்று போகும். ஒரே நாளில் பதிவான அடுத்தடுத்த எண்களை வரிசையாகத் தட்டிப் பாருங்கள். ஒரே ஆள் கொடுத்த மூட்டை முழுவதும் வெளியே வரும். நீங்கள் தேடும் விளக்கின் பக்கத்து எண்ணில் ஒரு பகோடா மணி இருந்தால், கொடுத்தவர் எப்படிப்பட்டவர் என்று புரிந்துவிடும்.

ஒரு கண்ணி இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியா மியூசியம் 1879இல் கலைக்கப்பட்டு, பொருட்கள் பல நிறுவனங்களுக்குப் பிரிந்தன. அதனால் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று எண்கள் இருக்கலாம். "1880இல் பெற்றது" என்ற பதிவு, வேறு கட்டிடத்திலிருந்து வண்டியில் வந்தது என்பதை மட்டுமே குறிக்கலாம்.

தேடுபெட்டியில் என்ன தட்டுவது

தேடல் தோற்பதற்கு முதற்காரணம் ஊர்ப்பெயர். 1989இல் பெயர்கள் மாறின, தொகுப்புப் பட்டியல்கள் மாறவில்லை. யாங்கூன், ரங்கூன். பகோ, பெகு. பாகன், பகான், புகான். மௌலமியாயின், மௌல்மேன். பியே, புரோம். சிட்வே, அக்யாப். பத்தேன், பசேன். டாவே, டவாய். நாட்டின் பெயரையும் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டிலும் ஜெர்மன், பிரெஞ்சு வடிவங்களிலும் தட்டுங்கள். "ஆவா" என்றும் தேடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் நாட்டையே அப்படி எழுதினார்கள்.

பர்மா 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணம். ஆகவே பல பொருட்கள் "இந்தியா" என்றே பதிவாகியுள்ளன. இந்துத் திருமேனி என்றால் இது இன்னும் மோசம். பர்மாவில் கிடைத்த விஷ்ணுவைத் "தென்னிந்தியா" என்று ஒரு உதவியாளர் எழுதிவிட்டால், நூறாண்டு அப்படியே கிடக்கும். நமக்கு இங்கே ஒரு அனுகூலம்: தமிழும் கிரந்தமும் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். "அடையாளம் காணப்படாத எழுத்து", "இந்திய எழுத்து" என்று குறித்த பொருட்களைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

பிரிட்டிஷ் நூலகத்தின் கணினி அமைப்பு 2023 அக்டோபரில் தாக்குதலுக்குள்ளானது. பழைய இணைப்புகள் பல திறக்காது. அந்த முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் இட்டுப் பாருங்கள்.

ஆவணங்கள்: எங்கே எது

உள்ளூரிலிருந்து தொடங்குங்கள். கல்வெட்டுகள் கொடைப்பட்டியல்கள். பாகன் அருகே மின்கபாவில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் முதலில் கிரந்தத்தில் ஒரு சமஸ்கிருதச் சுலோகம், பிறகு தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி, புக்கமான அரிவத்தனபுரத்து நானாதேசி விண்ணகரத்துக்கு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் கொடுத்ததை அது சொல்கிறது. புக்கம் என்பதுதான் பாகன். எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு இதழின் ஏழாம் தொகுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் இதைப் பதிப்பித்திருக்கிறார். ஆய்வாளன் இதைப் படிக்கும்போது பெருமையோடு நிற்கக் கூடாது. மண்டபம், கதவு, விளக்கு என்று பொருட்பட்டியல் எழுத வேண்டும்.

அடுத்து பர்மா தொல்லியல் துறையின் ஆண்டறிக்கைகள். டோ சேன் கோவும் அவருக்குப் பின் டுரோய்செல்லும் பொறுப்பிலிருந்த ஆண்டுகளில் எந்தக் கோவிலில் எது இருந்தது, எது காணவில்லை, எது ரங்கூனுக்கு நகர்த்தப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். "1905இல் கருவறையில் இருக்கிறது" என்ற ஒரு வரி கிடைத்தால், "1890களில் போனது" என்ற கதை விழுந்துவிடும். யாங்கூன் தேசிய ஆவணக் காப்பகத்திலும் மாகாண அரசின் கோப்புகள் உள்ளன.

மண்டலே அரண்மனைப் பொருட்களானால் 1885-86 ஆவணங்கள். பர்மாவின் கடைசி மன்னர் திபோ 1885 நவம்பர் 29ஆம் தேதி பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்தார். அதன்பின் பொருட்கள் மூன்று வழியில் போயின: அரசுக்கு என்று ஒதுக்கப்பட்டவை, போரில் கைப்பற்றியவற்றைக் கவனித்த பிரைஸ் கமிட்டி ஏலம் போட்டவை, சிப்பாய்கள் பையில் போட்டவை. மூன்றையும் ஒரே சொல்லில் "கொள்ளை" என்று எழுதிவிட்டால் தடம் குழம்பும், ஏனெனில் ஒவ்வொன்றின் தாளும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. முதலிரண்டுக்கு லண்டனில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் அரசியல், இராணுவப் பிரிவுகளைப் பாருங்கள். மூன்றாவதற்கு, கொடையாளியின் பெயரை இராணுவப் பதக்கப் பட்டியலில் தேடுங்கள். லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 100 என்ற வரிசை. பதக்கத்தில் "பர்மா 1885-7" பட்டை பெற்றவர் என்றால், அவர் எந்தப் படைப்பிரிவில், எந்த ஊரில் இருந்தார் என்பதிலிருந்து பொருளின் ஊரை நெருங்கலாம்.

இங்கே நமக்குக் கசக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் படையெடுப்பில் சென்னைப் படைப்பிரிவுகளும் இருந்தன. மண்டலேப் பொருட்கள் லண்டனுக்கு மட்டும் போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். சென்னை, பெங்களூர், கொல்கத்தா தொகுப்புகளையும் பட்டியலில் சேருங்கள். மன்னரின் சிங்காசனமே 1902இல் கொல்கத்தா இந்தியன் மியூசியத்துக்குப் போய், 1948இல்தான் திரும்பியது. மண்டலே அரண்மனை 1945இல் எரிந்தபோது மற்ற சிங்காசனங்கள் அழிந்தன, வெளியே இருந்ததால் இது தப்பியது. இதை அறிக்கையில் எழுதத் தயங்க வேண்டாம். எடுத்துப் போனது நியாயம் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் உண்மையை நாமே எழுதாவிட்டால், எதிர்த்தரப்பு எழுதும்போது நம் அறிக்கை முழுவதும் நம்பிக்கை இழக்கும்.

அரச நூலகச் சுவடிகளில் ஒரு பகுதி இந்தியா ஆபீஸ் நூலகத்துக்குப் போய், இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் மண்டலே தொகுப்பு என்ற பெயரிலேயே இருக்கிறது. 1890களில் டேனிஷ் அறிஞர் ஃபௌஸ்பொல் அதற்குப் பட்டியல் தயாரித்தார். பிற நூலகங்களில் உள்ள சுவடிகளை இந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

பழைய படங்கள்

லின்னேயஸ் டிரைப் 1855இல் பர்மாவைப் படமெடுத்தார். மதுரை, தஞ்சைக் கோவில்களை அதன் பிறகு எடுத்தவரும் அவரே. ஹூப்பர் 1885-86 போரையும், பியாடோ அதன்பின் மண்டலேயையும், கிளியர் ரங்கூன், மௌல்மேன் பகுதிகளையும் எடுத்தார்கள். படத்தில் பொருள் இருந்தால், அந்தத் தேதி வரை அது அங்கே இருந்தது. அவ்வளவுதான் சொல்லலாம். ஒப்பிடும்போது உருவ ஒற்றுமையை நம்பாதீர்கள். ஒரே அச்சில் பல செய்வார்கள். உடைந்த விரல், விரிசலின் கோணம், வார்ப்புக் குறை என்று குறைந்தது மூன்று தனி அடையாளங்கள் பொருந்த வேண்டும்.

இது எவ்வளவு வலுவானது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. ஸ்ரீபுரந்தான் கோவிலிலிருந்து களவு போன நடராஜரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 1970ஐ ஒட்டி இந்தியாவை விட்டு வெளியேறியதாகக் காட்டும் போலிக் காகிதங்கள் அதற்கு இருந்தன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படம் அந்தக் காகிதங்களைப் பொய்யாக்கியது. 2014இல் நடராஜர் திரும்பினார்.

போலித் தாளின் அடையாளங்கள்

கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970ஆம் ஆண்டுக்குரியது. ஆகவே ஒரு காகிதம் 1968, 1969, 1970 என்று சொன்னால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். "பழைய ஐரோப்பியத் தொகுப்பு", "ஒரு கனவானின் சொத்து" போன்ற பெயரில்லா வரிகள், எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே தட்டச்சு, தேதிக்குப் பிறகு மாறிய ஊர்ப்பெயர் ஆகியவற்றைப் பாருங்கள். 1970ஆம் ஆண்டு ரசீதில் "யாங்கூன், மியான்மர்" என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது போலி. 1988க்குப் பிறகு வெளியேறிய பாகன் பொருட்கள் பல தாய்லாந்துக் கடைகள் வழியாகப் போயின. தாளில் சியாங் மாய் அல்லது பாங்காக் மட்டும் இருந்தால், எல்லை தாண்டியதற்கான அனுமதி எங்கே என்று கேளுங்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கடிதம்

ஒரு கடிதத்தில் ஒரு பொருள். பதிவெண்ணை முதல் வரியில் எழுதுங்கள். கேட்க வேண்டியவை: பதிவேட்டுப் பக்கத்தின் படம், கொடையாளி அல்லது விற்றவர் கடிதங்கள், கொடுத்த விலை, பழைய அட்டைக் குறிப்பு, பின்புற, அடிப்புறப் படங்கள், பராமரிப்பு அறிக்கை, முந்தைய எண்கள்.

முதல் கடிதத்தில் "திருப்பிக் கொடுங்கள்" என்று எழுதவே எழுதாதீர்கள். மனம் கொதிக்கும், அது இயல்பு. ஆனால் அந்தச் சொல் வந்த கணமே கடிதம் காப்பாளரை விட்டு வழக்கறிஞர் மேசைக்குப் போய்விடும். பிறகு எந்தக் கோப்பும் எளிதில் திறக்காது. முதலில் தாள், உரிமைக் கோரிக்கை பிறகு.

பிரிட்டனில் அரசு சார்ந்த தொகுப்புகளானால், உலகில் எங்கிருந்தும் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். தேடுவதற்கு 18 மணி நேரத்துக்குமேல் ஆகும் என்றால் மறுத்துவிடலாம். "பர்மாப் பொருட்கள் பற்றிய எல்லாக் கோப்புகளும்" என்று கேட்டு மறுக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. ஒரு பொருள், ஒரு கோப்பு என்று கேளுங்கள். ஜெர்மனியில், காலனியச் சூழலில் வந்த சேகரிப்புகளுக்கென்றே ஒரு தொடர்பு அலுவலகம் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கினால் சரியான கதவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

திரும்பி வருவது நடக்கவே நடக்காது என்று யாராவது சொன்னால் மண்டலே அரச சின்னங்களைக் காட்டுங்கள். லண்டனிலிருந்து 1964இல் திரும்பின, யாங்கூன் தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நன்றியாகப் பர்மா விட்டுக்கொடுத்த தங்கப் பறவைப் பாத்திரம் ஒன்று லண்டனிலேயே இருக்கிறது. இன்று பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் குறுக்கே நிற்கிறது: பிரிட்டிஷ் மியூசியத்தை 1963ஆம் ஆண்டுச் சட்டமும், விக்டோரியா ஆல்பர்ட்டை 1983ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டுகின்றன. பல்கலைக்கழக, நகராட்சித் தொகுப்புகளுக்கு இந்தக் கட்டு இல்லை. அங்கே முயல்வதில் பலன் அதிகம்.

உங்கள் கோவில் பொருட்களை இன்றே பதியுங்கள்

படமில்லாத பொருள் களவு போனால் உரிமை நிரூபிக்க வழியில்லை. ஆப்ஜெக்ட் ஐடி என்ற சர்வதேச முறைப்படி, ஒவ்வொரு திருமேனிக்கும் வாகனத்துக்கும் விளக்குக்கும் ஒரு தாள் போடுங்கள்: என்ன பொருள், எதனால் ஆனது, உயரம் அகலம் ஆழம் எடை, எழுத்தும் குறியும், தனி அடையாளம், பெயர், எதைச் சித்திரிக்கிறது, காலம், செய்தவர். அலங்காரம் களைந்து, திருமஞ்சனத்துக்கு முன் குருக்களின் அனுமதியோடு ஆறு பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும், ஃபிளாஷ் வேண்டாம். பக்கவாட்டிலிருந்து சாய்வாக டார்ச் அடித்தால் தேய்ந்த எழுத்து தெரியும்.

பட்டியலின் மூன்று பிரதிகள் மூன்று ஊர்களில் இருக்க வேண்டும். 2025 மார்ச் 28 நிலநடுக்கம் போல ஒன்று வந்தால் கோவிலும் அலுவலகமும் ஒன்றாக விழும். நூறாண்டைத் தாண்டிய பொருட்கள் 2015ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும் என்பதையும் கமிட்டி தெரிந்திருக்க வேண்டும். முழுப் பட்டியலை முகநூலில் போடாதீர்கள். காவலில்லாத ஒரு கிராமக் கோவிலில் ஐம்பொன் திருமேனி இருக்கிறது என்று எடையோடு அறிவிப்பது திருடனுக்கு வழி சொல்வது. களவு போனால் மட்டும் அதே நாளில் தாளையும் படங்களையும் காவல்துறைக்குக் கொடுத்து, இன்டர்போல் தரவுத்தளத்தில் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். அந்தத் தளத்தில் தனியாள் பதிய முடியாது, நாட்டின் காவல்துறை வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் இன்டர்போலின் ஐடி-ஆர்ட் செயலியில் யாரும் தேடிப் பார்க்கலாம்.